புங்க எண்ணெயும் வெந்நீரும்

காட்டாமணக்கு எண்ணெயில் எஞ்சின் ஓடப்போகிறது என்று பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் என் பட்டறையை இப்போது நடத்துகிறவர்கள் அதைக் கொண்டுவந்து நீட்டி, "இதெல்லாம் நடக்கிற காரியமா பெரியவரே?" என்று கேட்டார்கள். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். எத்தனை முறைதான் சொல்வது? யுத்த காலத்திலேயே புங்க எண்ணெயில் எஞ்சின் ஓட்டியவன் நான். ஓட்டியது மட்டுமா, அதே எஞ்சின் சூட்டில் ஆஸ்பத்திரித் துணி துவைக்க வெந்நீரும் கொடுத்தவன். வாயால் சொன்னால் சிரிக்கிறார்கள். அச்சில் வந்தால் சிரிக்க மாட்டார்கள் என்று என் மருமகள் சொன்னாள். அதனால் நமது பட்டறைக்காரர் சங்கத்து மலருக்கு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது. அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடிசை. கரி சுமந்தேன், மூட்டை தூக்கினேன், ஒரு அரிசி மில்லில் எஞ்சின் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எந்த இடத்தில் சூடு, எந்த இடத்தில் எண்ணெய் கசிவு என்று என் விரல்களுக்கே தெரிந்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாகப் பார்த்து எடுத்துக்கொண்டதுதான். கல்யாணம் ஆன வருஷம் மந்தைவெளிக்குத் தெற்கே அடையாற்றங்கரையில் இருந்த ஒரு லாண்டரியில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஆயில்மேன் வேலை கிடைத்தது. மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் அதை நடத்திவந்தார். முதலாளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுப்புக்கு வரும்.

கிணற்றுப் பம்பையும் துணி பிழிகிற மெஷினையும் பெல்ட்டு போட்டு ஓட்டிய எஞ்சினுக்கு டிரைவர் காதர் பாய். ராயப்பேட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் மனைவியும் கல்யாணத்துக்கு இருந்த இரண்டு பெண்களும் லாண்டரிக்குப் பின்னாலேயே, எஞ்சின் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். வேலையோடு சேர்த்துக் கொடுத்த அறை அது. வேலை போனால் அறையும் போகும். அந்த வயசில் அவருக்கு வேறு எவன் எஞ்சினைக் கொடுப்பான்? அவர் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் அந்த எஞ்சினைத் தொடுகிற விதத்திலேயே அது தெரியும்.

யுத்தம் வந்ததும் குரூட் ஆயில், அதாவது இப்போது டீசல் என்கிறோமே, அது பர்மிட்டுக்குப் போய்விட்டது. லாண்டரிக்குக் கிடைத்தது தொட்டுக்கொள்ளத்தான் காணும். முதலாளி முதலில் கடலை எண்ணெய் வாங்கிப் போட்டார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் புகையெல்லாம் பஜ்ஜி வாசனை. ரேஷன் கடையில் எண்ணெய்க்குக் கால் கடுக்க நின்று வந்தவர்கள் எங்கள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துச் சாபம் விட்டார்கள். ஒரு பொம்பளை தட்டோடு வாசலிலேயே வந்து நின்றுவிட்டாள். "இன்னா நைனா, உள்ள வடை போட்டுக்கினு கீறீங்க, எங்களுக்கு ஒரு வாய் கிடையாதா?" என்றாள். அதோடு கடலை எண்ணெய் நின்றது. செக்குக்காரர்களிடமிருந்து புங்க எண்ணெய் பீப்பாயில் வந்தது. அந்தப் புகைக்கு யாரும் தட்டோடு வரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரியில் நடந்தார்கள்.

புங்க எண்ணெய் எஞ்சினுக்குள் போவதற்கு ஒரு முறை உண்டு. பாய் அதில் ஒரு நூல் பிசக மாட்டார். பீப்பாயை அசைக்காமல் வைத்து மண்டியை அடியில் உட்கார விடுவார். மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு, இரண்டாக மடித்த மல் துணியில் வடிப்பார். வடித்த எண்ணெயைப் புகைக்குழாய் மேல் கட்டிய டின்னில் ஊற்றிச் சூடேற்றுவார். குளிர்ந்த புங்க எண்ணெய் பாகு மாதிரி இருக்கும், சூடானால்தான் தண்ணீராக இளகும். காலையில் எஞ்சினை குரூட் ஆயிலில் கிளப்பி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய்க் குழாயைப் புங்க எண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். மாலையில் நிறுத்துவதற்கு முன் மறுபடி குரூட் ஆயிலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தெளிக்கிற நாசிலுக்குள்ளேயே புங்க எண்ணெய் தங்கி, ராத்திரி ஆறி, கோந்தாகிவிடும். எங்களிடம் இருந்ததே ஒரே நாசில். சீமையிலிருந்து இனி வராது. வாரம் தவறாமல் பாய் அதைக் கழற்றி, பித்தளைக் கம்பியால் நுனியைச் சுத்தம் செய்வார். இரும்புக் கம்பியை அருகில் கொண்டுபோனாலே முறைப்பார்.

"நைனா, நாம துன்ற சோத்துல கல்லு கீதான்னு பாப்பம்ல? இதுக்கும் வயிறு கீது."

அவர் என்னிடம் ஒரு நாளில் பேசுவதே இவ்வளவுதான். திட்டினதும் கிடையாது, மெச்சினதும் கிடையாது. நான் தப்பாக ஏதாவது முடுக்கினால் பேசாமல் வந்து கழற்றி, மறுபடி முடுக்கிவிட்டுப் போவார். அதைவிட இரண்டு அறை வாங்கலாம் போலிருக்கும்.

சூடு பார்க்கிற கருவி எப்போதோ உடைந்துவிட்டது. பாயின் உள்ளங்கைதான் கருவி. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடாகி வெளியே வரும் தண்ணீர்க் குழாயின் மேல் கையை வைத்து 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்று நிதானமாகச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் கை தானாக எகிற வேண்டும். முடிக்கும் வரை வைத்திருக்க முடிந்தால் எஞ்சின் ஆறிக் கிடக்கிறது, புங்க எண்ணெய் பாதி வெந்து பாதி பிசினாகிறது என்று அர்த்தம். நான் அதே அளவுக்கு 'முருகா' சொல்லிப் பழகிக்கொண்டேன். எனக்கு மூன்று முருகா வந்தது.

அந்தச் சுடுதண்ணீர்தான் அடுத்த ஷெட்டில் துவைக்கிற தொட்டிக்குப் போகும். அங்கே ரத்தினம்மா ராஜ்யம். அவள் கீழே இருபது பொம்பளைகளுக்குக் குறையாது. எல்லோரும் ஆற்றோரக் குடிசைகள். முன்பு விறகு அடுப்பில் பெரிய அண்டா கொதிக்கும். விறகும் கிராக்கி ஆனதும் முதலாளி ஒரு யோசனை கண்டுபிடித்தார்.

"எஞ்சின் சும்மா கொதிக்கக் கொதிக்கத் தண்ணியக் கொட்டிண்டிருக்கு. அதுக்கு மேல விறகு எதுக்கு? அடுப்ப அணைச்சுடுங்கோ."

அடுப்பு அணைந்தது. அன்றிலிருந்து ஒரே எஞ்சினை இரண்டு பக்கமும் இழுக்க ஆரம்பித்தார்கள். எஞ்சின் சூடாக இருந்தால்தான் புங்க எண்ணெய் எரியும். ரத்தினம்மா சுடுதண்ணீர் வால்வை அகலத் திறந்தால், கீழேயிருந்து கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சியாக உள்ளே பாயும், எஞ்சின் ஆறும். திறக்காவிட்டால் விரிப்பில் கறை போகாது, ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பும். பாய் வால்வில் ஒரு கம்பியைக் கட்டி, இதற்கு மேல் திறக்கக் கூடாது என்றார். ரத்தினம்மா கம்பியைக் கழற்றி அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

"யோவ் பாய், உன் எஞ்சினுக்குக் குளிருதுன்னா போர்த்திவுடு. என் பொண்ணுங்க கையி வெடிச்சிக் கீது."

"ரத்தினம்மா, எஞ்சின் நின்னா உன் பொண்ணுங்களுக்குக் கையே வெடிக்காது. வேலையும் கெடையாது."

"போய்யா, பெரிய எஞ்சினு. ஒரு அண்டா தண்ணி குடுக்க வக்கில்ல."

தினம் இப்படித்தான். நான் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன்.

அது ஐப்பசி மழை. ஆற்றில் வெள்ளம், ஊரெல்லாம் பேதி. ஆஸ்பத்திரியில் தரையில்கூடப் படுக்க வைத்திருந்தார்கள். வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு விரிப்புகள் வண்டியில் வந்து இறங்கின. எல்லாவற்றிலும் பேதிக் கறை. சாயங்காலம் தந்துவிடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானத் தொழுகைக்குப் பாய் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது குழாயைக் காட்டினார், அவ்வளவுதான். எஞ்சின் என் கையில்.

அவர் போன சற்று நேரத்துக்கெல்லாம் கையை வைத்துப் பார்த்தேன். மூன்று முருகா முடிந்தது. நாலாவதும் முடிந்தது. கை எகிறவில்லை. ஷெட்டுக்கு ஓடினேன். வால்வு முழுக்கத் திறந்து கிடந்தது. ரத்தினம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் குடையோடு முதலாளி.

"தே ரத்தினம்மா, மூடு! எஞ்சின் ஆறிப்போச்சு!"

"சாமிதான் தொறக்கச் சொல்லிக்கீறாரு. அவரண்ட கேளு."

முதலாளி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாயங்காலம் துணி போயாகணும்டா மாணிக்கம். இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டும். ஒண்ணும் ஆயிடாது."

"ஆயிடும் சாமி. பிசின் கட்டிக்கும்."

"நீ டிரைவரா? டிரைவர் வரட்டும், பேசிக்கறேன்."

எஞ்சின் ரூமுக்கு வருவதற்குள் புகைபோக்கியில் வெள்ளைப் புகை, கண் எரிந்தது. எஞ்சின் ஒரு அடி அடித்து ஒரு அடி விட்டது. என்ன செய்திருப்பீர்கள்? அந்த நிமிஷத்தில் எவனாக இருந்தாலும் எஞ்சினை நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நாசிலுக்குள் புங்க எண்ணெய் உறைந்து அந்த ஒரே நாசிலும் போய்விடும். குழாயை குரூட் ஆயில் பக்கம் திருப்பினேன். நாசில் அலசிக்கொண்டது. இன்றைக்கும் சொல்வேன், அந்த லாண்டரி அன்று பிழைத்தது என்னுடைய அந்த ஒரு திருப்பலால்தான். ஆனால் காற்று கசியாமல் அடைக்கிற பிஸ்டன் ரிங்குகள் அதற்கு முன்பே பிசினில் ஒட்டிக்கொண்டுவிட்டன. காற்று பிடிக்கவில்லை. சக்கரம் சோர்ந்து சோர்ந்து சுற்றி, பெல்ட்டு ஒரு தடவை படார் என்று அடித்து, எல்லாம் நின்றது.

பாய் தெருமுனையிலேயே சத்தம் இல்லாததைக் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. நனைந்த குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தார். குழாயின் மேல் கையை வைத்தார். பிஸ்மில்லாவை ஒரு முறை சொன்னார், இன்னொரு முறை சொன்னார். கையை எடுக்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

முதலாளி பின்னாலேயே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. ஆஸ்பத்திரியில் யார் என்ன சொல்லியிருந்தார்களோ.

"வேலை நேரத்துல எஞ்சினை இவன்கிட்ட விட்டுட்டுப் போனா இப்படித்தான் ஆகும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது ஓடணும் பாய். ஓடலேன்னா ரூமைக் காலி பண்ணிடுங்கோ. வேற டிரைவர் வந்தா அவருக்கு அது வேணும்."

"சாமி, நீங்கதானே தொறக்க..." என்று நான் ஆரம்பித்தேன். பாய் என் தோளை அழுத்தினார். "செரிங்க முதலாளி" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி இருந்தார். நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுவோம். அந்தச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். சற்று நேரத்தில் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிற சத்தம் வந்தது. மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். பாயும் அதைக் கேட்டார். ஸ்பானரை எடுத்தார்.

ராத்திரி முழுக்கக் கழற்றி, மறுநாள் காலை பிஸ்டனை வெளியே இழுத்துவிட்டோம். அது சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கிற படுக்கை எஞ்சின். இரண்டு பேர் கட்டிப்பிடித்து இழுக்க வேண்டிய கனம். ரிங்குகள் பள்ளத்துக்குள் அரக்கு வைத்தாற்போல் ஒட்டியிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். அசையவில்லை. நெம்பிப் பார்க்கவும் பயம். வார்ப்பு இரும்பு ரிங்கு அப்பளம் மாதிரி ஒடியும். மாற்று ரிங்கும் கிடையாது. மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ரத்தினம்மா கதவருகே வந்து நின்றாள். எதற்கோ வைய வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே போய்ப் பிஸ்டன் அருகில் குந்தி, அந்தக் கறுப்புப் பிசினை நகத்தால் சுரண்டி, விரல்களுக்கு நடுவில் தேய்த்து, மோந்து பார்த்தாள்.

"இது இன்னா பாய், பிசினுன்றீங்க? எண்ணெச் சிக்கு இது. நோயாளிக்குத் தேய்ச்ச தைலம் பெட்சீட்ல காஞ்சிப்போனா இப்பிடித்தான் கீது. மண்ணெண்ணெய்க்குப் போவாது."

"வேற எதுக்குப் போவும்?"

"காரத் தண்ணிக்குப் போவும். சலவ சோடாவும் சுண்ணாம்பும் போட்டுக் கொதிக்க வுட்டா, எந்தச் சிக்கும் தானா கயண்டுக்கும். நாங்க தினம் பண்ணிக்கினு தான் கீறோம்."

பாய் பிஸ்டனைத் தட்டிப் பார்த்தார். இரும்புப் பிஸ்டன், காரம் அதைத் தின்னாது. "கொதிக்கிற தண்ணிக்கு எங்க போறது? எஞ்சினே படுத்துக் கெடக்கு."

ரத்தினம்மா எழுந்தாள். வெளியே போய்க் கத்தினாள். அணைந்து கிடந்த விறகு அடுப்பைப் பொம்பளைகள் சாம்பல் வாரித் துடைத்தார்கள். சோப்பு வந்த மரப்பெட்டிகள், உடைந்த கைவண்டிச் சக்கரம் எல்லாம் அடுப்புக்குள் போயின. முதலாளி ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு மூட்டினேள்?"

"யாரையும் கேக்கல சாமி. வண்டிச் சக்கரத்துக்கு நான் கூலில கயிச்சிக்கிறேன். பாயோட ரெண்டு பொண்ணும் தெருவுல நின்னா அத்த நீ எந்தக் கணக்குல கயிப்ப?"

அவள் முதலாளியை அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. முதலாளியும் யாரிடமும் அப்படிப் பேச்சு வாங்கியதில்லை என்று நினைக்கிறேன். நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சங்கிலி போட்டுப் பிஸ்டனை அண்டாவில் இறக்கினோம். கொதித்த தண்ணீர் முதலில் டீ நிறமானது, பிறகு காபி, பிறகு தார். தூக்கி வெளியே வைத்துப் பார்த்தபோது முதல் ரிங்கு தானாக அசைந்தது. பாய் மூங்கில் சிம்பை வைத்துப் பொறுமையாக நெம்பினார். ஒவ்வொன்றாக வந்தன. கடைசி ரிங்குக்கு வரும்போது சிம்பு வழுக்கியது, தூக்கமில்லாத கை. டிக் என்று ஒரு சத்தம். இரண்டு துண்டு.

ரத்தினம்மாதான் சொன்னாள். "ஒண்ணு போனா இன்னா பாய். மீதி கீதுல்ல?"

மீதியை வைத்து மாட்டினோம். மாட்டியது பெரும்பாலும் நான்தான், பாயால் நிற்க முடியவில்லை. எஞ்சினைக் கிளப்ப வேண்டுமானால் பெரிய சக்கரத்தைக் கயிறு போட்டு இழுத்துச் சுற்ற வேண்டும். எங்கள் ஆட்கள் போதவில்லை. பொம்பளைகள் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். "இஸ்துக்கோ! இஸ்துக்கோ!" என்று ரத்தினம்மா கத்த, ஈரச் சேலைகளோடு அத்தனை பேரும் பின்னால் சாய்ந்தார்கள். இரண்டு தடவை வெறும் பெருமூச்சு. மூன்றாவது தடவை ஒரு அடி. பிறகு இன்னொரு அடி. பிறகு விடாமல்.

ரிங்கு ஒன்று குறைந்ததால் கொஞ்சம் புகைத்தது. அது கடைசி வரை புகைத்தது. ஆனால் ஓடியது.

முதலாளி வந்து வாசற்படியில் நின்றார். எஞ்சினைப் பார்த்தார், எரிகிற விறகு அடுப்பையும் பார்த்தார். "சரி பாய், இருந்துக்கோங்கோ" என்றார். அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அது எரிந்துகொண்டுதான் இருந்தது. பாய் சுடுதண்ணீர் வால்வின் கைப்பிடியைக் கழற்றி ரத்தினம்மாவிடமே கொடுத்தார். "நீயே வெச்சிக்கோ. குழாய் சுட்டாத் தொற, சுடலேன்னா மூடு." அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் எஞ்சினைக் கேவலமாகப் பேசுவதை நிறுத்தவில்லை, ஆனால் எஞ்சின் ஆறியதும் இல்லை.

எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகு பாயைக் கைத்தாங்கலாக அவர் அறை வரை கொண்டுபோய் விட்டேன். அறையில் ஒன்றுமே இல்லை. நடுவில் பெரிய மூட்டை, அதன் மேல் பாயம்மா. இரண்டு பெண்களும் சுவரோடு சுவராக நின்றார்கள். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஓடுதா?" என்று பாயம்மா கேட்டார்.

"ஓடுது."

"எத்தினி நாளைக்கு?"

பாய் வெறும் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாயம்மா எழுந்து மூட்டையின் ஒரு முனையை மட்டும் அவிழ்த்து, டீ போடுகிற பாத்திரத்தையும் குவளைகளையும் வெளியே எடுத்தார். பிறகு முனையை மறுபடி இறுக்கிக் கட்டினார். எனக்கும் ஒரு குவளை கொடுத்தார். யுத்தம் முடிந்து குரூட் ஆயில் தாராளமாக வரும் வரை நான் அந்த அறைக்குப் பலமுறை போயிருக்கிறேன். மூட்டை அதே இடத்தில், கட்டியது கட்டியபடியே இருந்தது.